கமிஷன் மட்டுமே தரும் தொலைபேசி விற்பனை வேலை: சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து செய்ய இயலுமா?

கேள்வி: ஒத்தக்கடைவாசி

வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் வசிக்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு மூன்று வயது. கணவர் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிடும். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளைத் தொலைபேசி வழியாக விற்கும் வேலை ஒன்று வந்திருக்கிறது. மாதச் சம்பளம் இல்லை. விற்கும் பாலிசிக்கு மட்டும் கமிஷன் உண்டு. எண்களின் பட்டியலை அவர்களே தருவார்களாம், ஆனால் என் சொந்தக் கைபேசியிலிருந்துதான் அழைக்க வேண்டுமாம். இந்த வேலையில் இருப்பவர்கள், ஒப்புக்கொள்வதற்கு முன் நான் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: விளாங்குடி அக்கா

சகோதரி, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். ஆனால் பகலில் அழைத்தால் கடைக்காரர்களும் அலுவலகத்தில் இருப்பவர்களும் "அப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவார்கள். கணவனும் மனைவியுமாகக் கலந்து பேசி முடிவெடுக்கும் வியாபாரம் மாலை ஆறு மணிக்கு மேல்தான் முடிகிறது, நம் வீட்டில் வீட்டுப்பாடமும் இரவுச் சாப்பாடும் நடக்கும் நேரமும் அதுவேதான். நான் பகலில் புதிய அழைப்புகளைப் பேசுகிறேன்; மாலையில், ஏற்கெனவே பேசியவர்களிடம் நேரம் குறித்து வைத்த ஃபாலோ-அப் அழைப்புகளை மட்டும் பேசுகிறேன். அந்த நேரத்தில் பெரியவள் பக்கத்துத் தெருவில் டியூஷன் போகிறாள். சிறியவனையும் அங்கேயே உட்கார வைத்துக்கொள்ள அந்த அம்மா சம்மதித்திருக்கிறார். அதற்குக் கொடுக்கும் பணத்தைக் கமிஷனில் கழித்த பிறகு மிஞ்சுவதே வருமானம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுதும் வேலை ஓடாது. ஆடி மாதத்தில் தெருவில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அன்று மாலையும் போயிற்று.

பதில்: பழைய டீம் லீடர்

அம்மா, நேரத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது அந்தச் சொந்த எண்தான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி விளம்பர அழைப்புகள் பதிவுபெற்ற, 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் இதை மேலும் இறுக்கினார்கள்: சாதாரணப் பத்து இலக்க எண் ஒன்றின் மீது பத்து நாட்களுக்குள் ஐந்து புகார்கள் வந்தாலே நடவடிக்கை எடுக்கலாம். முதல் முறை 15 நாட்களுக்கு வெளியே அழைக்க முடியாது. மறுபடியும் நடந்தால் ஓராண்டுத் துண்டிப்பு. வங்கி ஓடிபியும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவும் அந்த எண்ணில்தானே இருக்கும்? ஆகவே நிறுவனத்தின் டயலர் (அவர்களுடைய எண்ணிலிருந்து அழைக்கும் மென்பொருள்) வழியாக மட்டுமே அழைப்பேன் என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

அடுத்தது உரிமம். காப்பீட்டை யார் வேண்டுமானாலும் விற்றுவிட முடியாது. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் 15 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்து பி.ஓ.எஸ்.பி. (பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன், அதாவது காப்பீடு விற்க அனுமதி பெற்றவர்) ஆகலாம்; அதைப் பற்றிப் பேச்சே எடுக்காத இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. சேருவதற்கு முன்பணம் கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். மேலும், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வாடிக்கையாளர் அதைத் திருப்பித் தரலாம் என்பதால், அப்படித் திரும்பினால் கொடுத்த கமிஷனைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் மாதம் வந்த பணத்தை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லையென்றால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கேள்வி கேட்டவர்: ஒத்தக்கடைவாசி

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. டயலரையும் கமிஷன் பிடித்தத்தையும் பற்றி மின்னஞ்சலில் கேட்கிறேன். எழுத்தில் பதில் வந்தால்தான் மேற்கொண்டு பேசுவேன். பேச்சுக்கு நடுவே மகன் அழுதால் வாடிக்கையாளர் தவறாக எடுத்துக்கொள்வாரா?

பதில்: விளாங்குடி அக்கா

நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலும் "பிள்ளையைப் பார்த்துட்டு வாங்கம்மா" என்றுதான் சொல்வார்கள். சிக்கல் நிறுவனத்தின் தரச் சோதனையில்தான் வரும்: வாடிக்கையாளர் சம்மதம் சொல்லும் பகுதியில் சத்தம் கேட்டால், எங்கள் இடத்தில் அந்த அழைப்பின் ஒலிப்பதிவை ஏற்பதில்லை. அந்த ஓர் அழைப்பை மட்டும் மகன் உறங்கும் நேரத்துக்கோ, கணவர் வந்த பிறகோ, வாடிக்கையாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.