ஏசிபி ஷீட்டைக் கழட்டற செலவு ஆரு தலைல? பில்டரா, ஃப்ளாட்காரங்களா?

சரவணம்பட்டி_வாசி: ஏனுங்க, எங்க அபார்ட்மெண்ட் 9 மாடி, 2015ல சாவி குடுத்தாங்க. முன்பக்கம் கீழிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஏசிபி ஷீட்தான், அழகுக்கு வெளிச்செவுத்துல ஒட்டற அலுமினியப் பலகைங்க. போன தீபாவளி நோம்பிக்கு ராக்கெட் ஒண்ணு 2வது மாடி ஓரத்துல சொருகிப் பத்திக்கிச்சு, செக்யூரிட்டியும் ரெண்டு பசங்களும் ஹோஸ் பைப்பை இழுத்து அணைச்சாங்க. கருகுன எடத்தைக் கழட்டிப் பாத்தா ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவுல கருப்பா பிளாஸ்டிக், லேப்புக்கு அனுப்புனோம், பாலிஎத்திலீன்னு ரிப்போர்ட் வந்துருச்சு. லண்டன் கிரென்ஃபெல் டவர்ல 2017 ஜூன் 14 ராத்திரி தீப்புடிச்சு 72 பேர் செத்தாங்களே, அங்க செவுத்துல இருந்ததும் இதே ரகந்தான். இப்ப அசோசியேஷன்ல ஒவ்வொரு ஃப்ளாட்டும் காசு போடோணும்ங்கறாங்க. ஒட்டுனது பில்டர், அவிங்கதான் கழட்டோணும். நான் ஒத்த ரூவா தரமாட்டேன்.

ஈரோடு_காண்ட்ராக்டர்: அண்ணா, கோவம் புரியுதுங்க, ஆனா நாயமாப் பேசோணும். நான் எலிவேஷன் வேலை, அதாவது கட்டடத்து முகப்பு வேலை எடுத்துச் செய்யறவன். அந்தக் காலத்துல புதுசா எந்தக் கட்டடம் எந்திரிச்சாலும் ஏசிபிதான், வாங்க வர்றவிங்களே பளபளன்னு இருக்கோணும்னு கேட்டாங்க, பிளான் அப்ரூவல்ல இருந்து தீயணைப்புத் துறை குடுக்கற ஃபயர் என்ஓசி வரைக்கும் அல்லாரும் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டாங்க, இத்தனை வருசம் கழிச்சு பில்டர் தலைல மட்டும் கட்டுனா எப்படிங்க? வீடு வாங்கறவிங்களுக்கான ரெரா சட்டம் 14(3)லயே, சாவி குடுத்து 5 வருசத்துக்குள்ள சொல்ற குறைக்குத்தான் பில்டர் பொறுப்புன்னு போட்டிருக்கு. பொதுச் செவுரு உங்க சொத்து, யுடிஎஸ்ஸோட (பிரிக்காத நெலத்துல உங்க பங்கு) சேத்துக் கிரையம் பண்ணிருக்கீங்க. மெயின்டனன்ஸ் உங்களுதுதான்.

சரவணம்பட்டி_வாசி: பெயிண்ட் உரிஞ்சா மெயின்டனன்ஸ்ங்க, ஒத்துக்கறேன். தீப்புடிக்கற சாமானை எங்களுக்குச் சொல்லாம செவுரு பூரா ஒட்டி வித்தது எப்படி மெயின்டனன்ஸ் ஆகும்? அன்னைக்கே எஃப்ஆர் கோர், அதாவது நடுவுல லேசுல தீப்புடிக்காத சாமான் போட்ட ஷீட்டும் கடைல கெடச்சுதுல்ல, நீங்களே இந்தத் தொழில்ல இருக்கீங்க, சொல்லுங்க. பிளாஸ்டிக் கோர் வெலை கம்மி, அதைத்தான் போட்டாங்க. மிச்சம் அவிங்களுக்கு, செலவு எங்களுக்கா?

வடவள்ளி_வக்கீல்: ரெண்டு பேருமே பாதி சரி. 2014 நவம்பர்ல மெல்பர்ன்ல லாக்ராஸ்ங்கற அடுக்குமாடில பால்கனில வெச்ச சிகரெட் துண்டுல ஆரம்பிச்ச தீ செவுத்து ஷீட்டைப் புடிச்சு சட்டுனு மேல ஏறிருச்சு. 2019ல அங்கத்த தீர்ப்பாயம் பில்டர் ஓனருங்களுக்கு 57 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கட்டோணும்னு சொல்லிட்டு, அந்த நஷ்டத்துக்கான பொறுப்பை ஃபயர் இன்ஜினியருக்கு 39, அப்ரூவல் குடுத்த பில்டிங் சர்வேயருக்கு 33, ஆர்க்கிடெக்டுக்கு 25, சிகரெட் புடிச்சவருக்கு 3 சதவீதம்னு பிரிச்சுது. ஃப்ளாட் ஓனருங்க பேருல ஒண்ணுமே இல்ல. அதனால அல்லாரும் கையெழுத்துப் போட்டாங்கங்கறது அல்லாரையும் கேஸ்ல சேக்கறதுக்குத்தான் காரணமாகும், அதை வெச்சு ஓனர்கிட்ட காசு கேக்க முடியாது.

ஆனா காலக்கெடு நெசமாவே பெரிய பிரச்சினைங்க. இங்கிலாந்துல 2022ல சட்டம் போட்டு பழைய கட்டடத்துக்கும் 30 வருசம் வரைக்கும் கேஸ் போடலாம்னு நீட்டிட்டாங்க, நம்மூர்ல அப்படி ஒண்ணும் வரல. ரெராவுல பில்டர் பொறுப்பு சொல்ற பிரிவெல்லாம் 2017 மே 1ல தான் அமலுக்கு வந்துச்சு, 2015லயே முடிஞ்ச கட்டடத்துக்கு 14(3) கெடைக்கறது சிரமம். நுகர்வோர் கோர்ட்ல 2 வருசக் கெடு, லேப் ரிப்போர்ட்ல குறை தெரிஞ்ச நாள்ல இருந்து எண்ணோணும்னு வாதாடலாம், ஜெயிக்கும்னு உறுதி குடுக்க மாட்டேன். இந்தச் சட்டத்தைத்தான் மொதல்ல மாத்தோணும்.

ஒம்பதாவது_மாடி: நானும் இதே பில்டிங்தான். மாமியார் வாக்கர் புடிச்சு நடக்கறவிங்க, லிஃப்ட் நின்னா படிக்கட்டுல எறக்கவே முடியாது. கேஸ் முடியற வரைக்கும் ஷீட் செவுத்துலயே இருக்கட்டும்ங்கறீங்களா? இங்கிலாந்துல கவர்மெண்டும் பில்டர்களும் இழுத்துக்கிட்டு கெடந்தப்ப ராத்திரி பூரா தீக்காவல் சுத்தற ஆளுகளுக்கு ஃப்ளாட்காரங்கதான் மாசாமாசம் காசு அழுதாங்க, அதுவும் போச்சு, ஷீட்டும் அப்படியே இருந்துச்சு. மொதல்ல கழட்டுங்க அண்ணா. நீங்க குடுக்கலைன்னா உங்க பங்கையும் சேத்து நான் போடறேன், பொறவு கேட்டு வாங்கிக்கறேன்.

கிரவுண்ட்_ஃப்ளோர்: கீழ இருக்கற நாங்க ரெண்டு எட்டுல வெளிய வந்துருவோம். மேல இருக்கறவிங்க எச்சாப் போடறதுதான் மொறை.

ஈரோடு_காண்ட்ராக்டர்: அது தப்புங்க. உருகுன பிளாஸ்டிக் எரிஞ்சுக்கிட்டே கீழதான் சொட்டும். ஷீட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்கற சந்து புகைக்கூண்டு மாதிரி காத்தை மேல இழுக்கும், அதனாலதான் கிரென்ஃபெல்ல 4வது மாடி ஃபிரிட்ஜ்ல புடிச்ச தீ சுமார் அரைமணி நேரத்துல உச்சிக்குப் போச்சு. எந்த மாடில ஆரம்பிச்சாலும் அல்லாருக்குந்தான். யுடிஎஸ் பங்குப்படியே போடுங்க. ஒட்டுமொத்தமா முடியலைன்னா படிக்கட்டு ஜன்னல், பால்கனி ஓரத்து ஷீட்டை மொதல்ல எறக்குங்க. மறுபடி ஷீட் வேண்டாம், பூசி டெக்ஸ்ச்சர் பெயிண்ட் அடிச்சாலே போதும்.

வடவள்ளி_வக்கீல்: எறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. பில்டருக்கு நோட்டீஸ் விட்டு, கோர்ட் நியமிக்கற வக்கீல், அதாவது அட்வகேட் கமிஷனர் வந்து பாத்து, மாடிக்கு ஒரு துண்டு சீல் வெச்சு எடுத்து வெக்கோணும். இல்லாம பழைய இரும்புக்காரங்கிட்ட தூக்கிப் போட்டுட்டா சாட்சியே போச்சு. சீக்கிரம் நியமிக்கச் சொல்லி அவசர மனு போடலாம்.

சரவணம்பட்டி_வாசி: அப்படின்னா நான் தர்றது கடன்னு மீட்டிங் மினிட்ஸ்ல எழுதோணும், பில்டர்கிட்ட வசூல் பண்ணி திருப்பித் தர்றோம்னு தீர்மானம் போடோணும். சும்மா மெயின்டனன்ஸ்னு ரசீது போட்டா தரமாட்டேன், அப்படி வாங்கிட்டா தப்பு எங்களுதுன்னு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்.

ஈரோடு_காண்ட்ராக்டர்: எழுதிக்கங்க. ஆனா அந்தக் காசு திரும்ப வரும்னு நம்பி ஆரும் பேங்க் லோன் போட்டுறாதீங்க. பில்டர் மட்டுந்தான் குத்தவாளிங்கறதை நான் இப்பவும் ஒத்துக்கல.

ஒம்பதாவது_மாடி: ஞாயித்துக்கெழமை மீட்டிங்ல ரெண்டு தீர்மானமும் தனித்தனியா வெக்கறேன், கமிஷனர் மனுவுக்கு ஒண்ணு, பணத்துக்கு ஒண்ணு. வாடகைக்கு விட்டுட்டு திருப்பூர்ல இருக்கறவிங்களும் வந்துருங்க, கோரம் இல்லை, ஆள் பத்தலைன்னு தள்ளி வெக்க வேண்டாம்.