மறு: ‘தடையில்லாக் காப்புநகல்’ சரியா? ‘விட்டகுறை நகல்’ என்றால் என்ன?

> நெட் விட்டு விட்டு வந்தாலும் ஓடி முடிகிற பேக்கப்பைத் ‘தடையில்லாக் காப்புநகல்’ என்று சொல்லலாமா?

ஐயா, வணக்கம்.

‘தடையில்லா’வை யுபிஎஸ்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். வேலூரில் எந்தக் கடையில் போய் இப்படிக் கேட்டாலும் பேட்டரி எத்தனை ஆம்பியர் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அது போகட்டும், சொல்லே பொய்யாக இருக்கிறதே. கத்திரி வெயிலில் பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு ஒரு மழை அடித்தால் காட்பாடியில் கரண்ட் போகும். கரண்ட் வந்தாலும் ரவுட்டர் எழுந்து நெட் கிடைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தடை வரத்தான் செய்கிறது. வந்த பிறகு பேக்கப் என்ன செய்கிறது என்பதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அதில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, இணைப்பு செத்ததைக் கண்டுபிடிப்பது. எதிர்முனை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், பதிலுக்காகக் காத்திருக்கும் பக்கத்துக்கு அது தெரியவே தெரியாது. லினக்ஸ் இயங்குதளத்தில், நெட்டில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையின் கீப்அலைவ் சோதனை (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது) இயல்பாக 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் தொடங்கும். அதுவும் நிரல் கேட்டுக்கொண்டால் மட்டும். தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச்சில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ (எத்தனை விநாடிக்கு ஒருமுறை சோதிப்பது என்ற அமைப்பு) இயல்பாக 0, அதாவது அணைந்தே கிடக்கும். அதை 60 ஆக்கினால், பதிலில்லாத 3 சோதனைகளுக்குப் பிறகு சுமார் 3 நிமிடத்தில் இணைப்பை அறுத்துவிடும். இதை ‘உயிர்காப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். இதன் வேலையில் பாதி, செத்ததைச் சீக்கிரம் சொல்வதுதான். ‘நாடிபார்ப்பு’ என்றால் இரண்டும் அடங்கிவிடும்.

இரண்டாவது மறுமுயற்சி. அந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

மூன்றாவதுதான் சிக்கல். ‘விட்ட இடத்திலிருந்து தொடர்தல்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் பெரும்பாலும் அப்படித் தொடர்வதில்லை. பாதியில் நின்ற கோப்பை, சொல்லாவிட்டால், அழித்தே விடும். ‘பார்ஷியல்’ தெரிவைக் கொடுத்தால் வைத்திருக்கும். அடுத்த ஓட்டத்தில் அதைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் அனுப்பும். எத்தனையாவது பைட்டில் நின்றோம் என்று பார்த்து அதற்கு மேல் ஒட்டுவது ‘அப்பெண்ட்’ வகைத் தெரிவுகள்தான். போர்க், ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல்கள் இரண்டும் இன்னும் வேறு மாதிரி. அவற்றுக்கு இடம் என்பதே பொருட்டில்லை. எதிர்முனைக் கிடங்கில் பதிவான துண்டை மறுபடி அனுப்பாது, அவ்வளவுதான்.

ஆகவே இடத்தை விட்டுவிட்டு, மீதியைப் பிடிப்போம். ‘விட்டகுறை தொட்டகுறை’ நம் எல்லோர் வாயிலும் வருவதுதானே? விட்டகுறையை மட்டும் எடுத்துச் செல்வது ‘விட்டகுறை நகல்’. ஆர்சிங்க், போர்க் இரண்டுக்கும் பொருந்துகிறது.

(காட்பாடி)

---

> ஆகவே இடத்தை விட்டுவிட்டு, மீதியைப் பிடிப்போம்.

அண்ணா, காரணம் பிடித்திருக்கிறது, சொல்தான் இடிக்கிறது. எங்கள் குடியாத்தத்தில் விட்டகுறை தொட்டகுறை என்றால் பூர்வஜென்மக் கணக்கு. பேக்கப் முடியவில்லை என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடப் போகிறார்கள். பட்டனில் இதை எப்படிப் போடுவீர்கள்?

அப்புறம், ‘பார்ஷியல்’ பற்றி எழுதினீர்கள், அதிலிருக்கும் ஆபத்தை எழுதவில்லை. வெறும் பார்ஷியல் கொடுத்தால், இணைப்பு அறுந்ததும் பாதிக் கோப்பு அசல் பெயரிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். முந்தின இரவின் நல்ல நகல் அங்கே இருந்தால் அது போயே போச்சு. அடுத்த ஓட்டம் முடிவதற்குள் இந்தப் பக்கத்து டிஸ்க் போனால் கையில் மிஞ்சுவது பாதி. ‘பார்ஷியல்டிர்’ என்று தனி அடைவு (ஃபோல்டர்) காட்டிவிட்டால் பாதி அங்கே இருக்கும், முழுசாக வந்த பிறகுதான் பழையதன் இடத்துக்கு வரும். பெயர் அவசரமாக வேண்டியது இந்தப் பாதிக்குத்தான். பார்த்தவுடனே இதை நம்பாதே என்று சொல்ல வேண்டும். ‘குறைநகல்’ போதுமா?

(குடியாத்தம்)

---

> ‘குறைநகல்’ போதுமா?

போதும் அம்மா, நன்றாகவே இருக்கிறது. ‘பகுதிநகல்’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வேண்டுமென்றே ஒரு பகுதியை எடுத்தது போல அது தொனிக்கிறது. குறைநகலில் அந்தச் சந்தேகம் வராது. ஆபத்தை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை, நீங்கள் இன்னும் தெளிவாக எழுதிவிட்டீர்கள்.

ஜாதகப் பேச்சுக்குச் சிரித்துவிட்டேன். அதற்காகச் சொல்லை விட மாட்டேன். கோயிலிலிருந்து வந்த சொல்லா, கடையிலிருந்து வந்ததா என்று பார்த்தால் நமக்குப் பாதி அகராதி மிஞ்சாது. பட்டனில் ‘தொடர்’ என்று மட்டும் இருக்கட்டும். கையேட்டில், விளக்கத்தில் ‘விட்டகுறை நகல்’.

மறுமுயற்சியை நான் அவசரப்பட்டுத் தாண்டியதாக ஆரணி நண்பர் கேட்டிருக்கிறார், நியாயம்தான். வெற்றி கிடைக்கும்வரை சுற்று என்று ஷெல்லில் (கட்டளை எழுதும் இடத்தில்) ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் அதிகம். எதிர்முனையில் டிஸ்க் நிறைந்துவிட்டால் விடிய விடிய அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆர்சிங்க் முடியும்போது விடும் எண்ணைப் பார்க்க வேண்டும். 30 என்றால் நேரம் கடந்தது, 12 என்றால் பெரும்பாலும் நடுவில் அறுந்தது, 255 என்றால் எஸ்எஸ்ஹெச் பக்கம் கோளாறு. இவற்றுக்குச் சற்று இடைவெளி விட்டு மறுபடி முயலலாம். ஆனால் 12 டிஸ்க் நிறைந்தாலும் வரக்கூடும், ஆகவே இத்தனை முறைதான் என்று வரம்பும் வைக்க வேண்டும். 24 என்றால் நகலெடுக்கும்போதே மூலக் கோப்பு சில காணாமல் போயின. அதற்கு மறுபடி சுற்றத் தேவையில்லை. 11 என்றால் கோப்பைப் படிப்பதில் எழுதுவதில் சிக்கல், ஆள் எழுந்து பார்க்க வேண்டும்.

அந்த எண்ணுக்கு ‘வெளியேற்றக் குறியீடு’ என்று எழுதுகிறார்கள், சாக்கடைத் திட்டம் மாதிரி இருக்கிறது. ‘முடிவெண்’ என்கிறேன் நான். மறுப்பு இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள்.

(காட்பாடி)