நிஞ்ஜா டர்ட்டில்ஸ் காமிக்ஸ்: வாங்கும்போது, படிக்கும்போது, பாதுகாக்கும்போது – அனுபவப் பகிர்வு

டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ் (உருமாறி நிஞ்ஜா சண்டை போடும் நான்கு ஆமைகளின் காமிக்ஸ்) முதல் இதழை வாங்க நினைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை இவை.

கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெயர்டும் 1984 மே மாதம் மிராஜ் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் தாங்களே வெளியிட்ட கறுப்பு வெள்ளை இதழ் இது. அட்டை விலை ஒன்றரை டாலர். முதல் அச்சு சுமார் 3,000 பிரதிகள்தான். ஜூனிலேயே இரண்டாம் அச்சாக 6,000 போட்டார்கள், 1985 பிப்ரவரியில் மூன்றாம் அச்சு 36,000. ஆகவே "பழைய ஒரிஜினல்" என்று கைக்கு வருவதில் பெரும்பகுதி மூன்றாம் அச்சாகத்தான் இருக்கும். அதுவும் ஒரிஜினல்தான். ஆனால் விலை வேறு, அதை முதல் அச்சின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

முதலில் முன்னட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். எத்தனையாவது அச்சு என்று அங்கே போட்டிருக்கும். அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

"முதல் அச்சு" என்று போட்டிருந்தாலே நம்பிவிடவும் முடியாது. போலிகள் அந்த வரியையும் சேர்த்தே நகலெடுத்திருக்கின்றன. அதனால் அடுத்து பின்னட்டை. போலிகளில் பெரும்பாலானவற்றில் பின்னட்டையின் நடுவே அரை அங்குல அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டையோ கீறல்களோ ஓடும். அது பழசானதால் விழுந்த கீறல் இல்லை, அச்சிலேயே இருப்பது. விரலால் தடவினால் காகிதம் வழவழவென்று இருக்கும், கீறல் மட்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, அட்டையின் கறுப்பு. அசலில் அடர் கறுப்பு, போலியில் நீலம் கலந்த கறுப்பு. நான்காவது, உள்தாள். நாற்பது வருடத்து மலிவுத்தாள் பழுப்பேறாமல் பளீரென்று வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படத்தைப் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மஞ்சள் விளக்கில் எடுத்தால் அந்த நீலச்சாயல் மறைந்துவிடும். கைபேசி கேமராவும் நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்து எடுத்த படம் கேளுங்கள்.

* * *

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (சிறிய பூதக்கண்ணாடி) ஒன்று கையில் இருக்கட்டும்.

மிராஜ் ஓவியர்கள் நிழல் காட்ட டியோ-ஷேட் என்ற, படம் வரையும் அட்டையை நிறையப் பயன்படுத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டு அடுக்குக் கோடுகள் அந்த அட்டையில் முன்பே அச்சாகியிருக்கும். ஒரு ரசாயனத்தைத் தூரிகையால் தடவினால் ஒரு திசைக் கோடுகள் மட்டும் எழும், அது இளநிழல். இன்னொரு ரசாயனத்தைத் தடவினால் குறுக்குக் கோடுகளும் சேர்ந்து அடர்நிழலாகும். இந்தக் கோடுகள் மிக மெலிதானவை. அச்சான பக்கத்தையே மறுபடி படமெடுத்து அச்சிட்டால் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள வெள்ளை அடைபட்டு, அந்த இடம் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். லூப்பில் பார்த்தால் கோடுகள் தனித்தனியாக நிற்கிறதா, ஒட்டிக்கொண்டதா என்று உடனே தெரியும். இதே கோடுகளின் மேல் வண்ணம் ஏற்றிய மறுபதிப்புகள் எனக்குப் பிடிப்பதே இல்லை. நிழல் முழுக்கச் சேறாகத் தெரிகிறது. இந்தக் கதைகளைக் கறுப்பு வெள்ளையில்தான் படிக்க வேண்டும்.

தர நிர்ணய நிறுவனங்கள் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும் பிரதிகளில் உள்ளட்டையைப் பார்க்க வழியில்லை. அங்கே செய்யக்கூடியது, சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வரும் விவரம் பெட்டியிலுள்ள பிரதியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது.

மிராஜின் ஆரம்பகால இதழான காப்ளெடிகூக் என்று யாராவது விற்க வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அதையே ஜெராக்ஸ் எடுத்துத்தான் வெளியிட்டார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

* * *

படிக்க மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஐடிடபிள்யூ பதிப்பகம் வெளியிட்ட 'அல்டிமேட் கலெக்‌ஷன்' தொகுதிகள் போதும். படைப்பாளிகள் இருவரின் குறிப்புகளும் உள்ளன.

தனி இதழ்களாகச் சேர்ப்பவர்கள் எண் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு இடத்தில் இடறும். 4-ஆம் இதழ் முடிந்ததும் ஃபுஜிடாய்ட் என்ற ரோபோவின் தனி இதழைப் படித்துவிட்டுத்தான் 5-க்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ரோபோ யார், ஏன் துரத்துகிறார்கள் என்பது பிடிபடாது. அடுத்தது 10-ஆம் இதழ். அதற்கு முன் 1986-இல் வந்த, நால்வரில் ஒருவனான லியனார்டோவின் தனி இதழ் கட்டாயம். கிறிஸ்துமஸ் சமயம், மற்றவர்கள் தோழி ஏப்ரலின் வீட்டில் பண்டிகை வேலையில் இருக்க, லியனார்டோ ஒருத்தன் மட்டும் பனி மூடிய மொட்டைமாடிகளில் ஃபுட் என்ற எதிரி நிஞ்ஜா கூட்டத்தோடு மல்லுக்கட்டுகிறான். கடைசியில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து விழுகிறான். 10-ஆம் இதழ் அந்த உடைந்த ஜன்னலிலிருந்துதான் தொடங்குகிறது. தொடரிலேயே இதைப் போல இறுக்கமான பகுதி வேறில்லை.

பிறகு 19 முதல் 21 வரை நியூயார்க் திரும்பும் கதை. அதன்பின் நாற்பதுகளின் பிற்பகுதி எண்ணுள்ள இதழ்கள் வரை பெரும்பாலும் விருந்தினர் ஓவியர்களின் தனிக்கதைகள், நேரம் இருந்தால் படிக்கலாம். 50 முதல் 62 வரை 'சிட்டி அட் வார்'. அதை விட்டுவிடாதீர்கள்.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் மிராஜ் இதழ்கள். ஆர்ச்சி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆமைத் தொடர்களின் பக்கம் இன்னும் போகவில்லையே! ஆமைகளைத் தாண்டி, மிருக வீரர்களின் தனி அணி ஒன்றே அங்கே இருக்கிறது: மைட்டி மியூட்டனிமல்ஸ்.

சேகரிப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது ஒரே எண் இரண்டு முறை வருவதில். 1988-இல் மூன்று இதழ் 'அட்வெஞ்சர்ஸ்' குறுந்தொடர், 1989-இல் மறுபடி 1-இலிருந்து 72 இதழ் போன நீள்தொடர். மியூட்டனிமல்ஸும் அப்படியே: 1991-இல் மூன்று இதழ், 1992-இல் புதிதாக 1-இலிருந்து தொடங்கி ஒன்பது இதழ். "1 முதல் 3" என்று மொத்தமாக ஏலத்துக்கு வருவதில் இரண்டும் கலந்திருக்கும். அட்டை எண்ணை விட்டுவிட்டு, உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தில் ஆண்டைப் பாருங்கள். நீள்தொடரின் கடைசி இதழ்கள் கிடைப்பது கஷ்டம். கண்ணில் பட்டால் தள்ளிப்போட வேண்டாம்.

நீள்தொடரின் முதல் நான்கு இதழ்கள் கார்ட்டூன் கதைகளின் தழுவல். 5-ஆம் இதழில் மேன் ரே என்ற திருக்கை மனிதன் வரும்போதுதான் சொந்தக் கதை தொடங்குகிறது. ஸ்டீவ் மர்ஃபி, டீன் கிளாரெய்ன் என்ற புனைபெயரில் எழுதிய காடழிப்பு, கடல் மாசு பற்றிய கதைகளெல்லாம் இங்கேதான். சிறுவர் இதழ் என்று ஒதுக்கியவர்கள் இழந்தது அதிகம்.

மியூட்டனிமல்ஸ் அணியில் எல்லோருமே மியூட்டஜென் (உயிர்களை உருமாற்றும் ரசாயனம்) பட்டு மாறியவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேன் ரேயும் மோண்டோ கெக்கோவும் அப்படித்தான். ஆனால் விங்நட், ஸ்க்ரூலூஸ் இருவரும் வேற்றுக்கிரகத்து வவ்வாலும் கொசுவும். லெதர்ஹெட், மேரி போன்ஸ் என்ற சூனியக்காரி முதலையாக மாற்றிய மனிதன். மிராஜ் கதையில் வரும் லெதர்ஹெட் நிஜமாகவே முதலையாகப் பிறந்தவன், மாறியது பிறகு. இரண்டையும் குழப்பிக்கொண்டு படித்தால் அவன் பேசுவது எதுவும் ஒட்டாது.

* * *

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. மிராஜ் முதல் இதழ் சாதாரண காமிக்ஸைவிடப் பெரியது. வழக்கமான உறையில் திணித்தால் மூலைகள் மடங்கும், முதுகில் வெள்ளைக் கோடுகள் விழும். பத்திரிகை அளவு உறையும், அமிலமில்லாத எட்டரைக்குப் பதினொன்று அங்குல அட்டையும் வாங்குங்கள். நீண்ட நாளைக்கு என்றால் மைலார் என்ற பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை வேண்டவே வேண்டாம்.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் முதலில் போவது ஸ்டேப்ளர் பின்தான். துரு பின்னோடு நிற்காது, தாளுக்குள் ஊறி நடுப்பக்கத்தைக் கழற்றிவிடும். பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் மட்டும் போதாது, மழைக்காலம் முடிந்ததும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போட வேண்டும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகி மறுபக்கத்துக்கும் இறங்கிவிடும். கிழிசலை அப்படியே விட்டாலே அந்த இதழுக்கு மதிப்பு கூடுதல்.