தடக்கு இல்லாத பியானோ பியானோவே இல்லையாம்!

புளியந்தீவு பழசு | இரவு 8.47
நேற்று "மகளுக்காக" என்ற பெயரில் ஒருவர், வீட்டில் வைத்துப் பழக எந்த டிஜிட்டல் பியானோ நல்லது என்று கேட்டிருந்தார். அதற்குக் கல்முனை 88 எழுதிய பதிலை அப்படியே கீழே போடுகிறேன்.
"தடக்கு இல்லாத கட்டை விளையாட்டுச் சாமான். ரோலண்ட் எஃப்பி-10 எடுங்கள். யமஹா பி-45 பக்கம் திரும்பியும் பார்க்க வேண்டாம்."
நான் 2017 இலிருந்து பி-45 வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழு பழகுவது அந்த விளையாட்டுச் சாமானில்தான். ஒரு பிள்ளையும் வந்து "அங்கிள், கட்டை தடக்கவில்லையே" என்று அழவில்லை.
தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஃப்பி-10 இல் விரல் வைத்து வாசிக்கிற கட்டையை மிக மெல்ல அழுத்தினால், அடியைத் தொடுவதற்குச் சற்று முன் விரலில் ஒரு சின்னத் தடை தட்டும். அதுதான் தடக்கு. கிராண்ட் பியானோவில் இருப்பதைப் போலச் செய்து வைத்திருக்கிறார்கள். பி-45 இல் அது இல்லை. சரி, இல்லைதான். ஆனால் யார் ஐயா கட்டையை அவ்வளவு மெல்ல அழுத்திப் பாட்டு வாசிக்கிறார்கள்? பல்லி பிடிக்கப் போகிற பூனை மாதிரி?

கல்முனை 88 | இரவு 9.05
அண்ணன், எனக்கென்று தனித் திரியே திறந்ததற்கு நன்றி. சொன்னதை மாற்ற மாட்டேன். தடக்கு இல்லாவிட்டால் மெல்ல வாசிக்கப் பழக முடியாது. சத்தம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். உங்கள் குழு ஏன் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்தில் பாடுகிறது என்று இப்போதுதான் விளங்குகிறது.
இன்னொன்று. எஃப்பி-10 இல் ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று சென்சர். கட்டை முழுதாக மேலே வராமலே அதே சுரத்தைத் திரும்ப அடிக்கலாம். உங்களுடையதில் இரண்டு. கட்டையின் மேற்பரப்பும் தந்தம் மாதிரிச் சொரசொரப்பு. கச்சான் காற்று வீசுகிற நாளில் விரல் வியர்த்தாலும் வழுக்காது.

புளியந்தீவு பழசு | இரவு 9.11
நான் கேட்டது தடக்கு. பதில் வந்தது சென்சர், தந்தம், கச்சான் காற்று. தடக்கைப் பற்றிக் கதையும் தம்பி.

மகளுக்காக | இரவு 9.14
ஐயா, நேற்றுக் கேட்டவர் நான்தான், செங்கலடி. மகளுக்கு எட்டு வயது. 61 கட்டை கீபோட்டில் தொடங்கினால் பிழையா?

கல்முனை 88 | இரவு 9.20
தடக்கைப் பற்றித்தானே? கேளுங்கள். செபஸ்தியன் எரார் 1821 இல் கண்டுபிடித்த நுட்பம் அது. இருநூறு வருடம் கிராண்ட் பியானோவுக்குள் இருக்கிற ஒன்றைப் புளியந்தீவில் ஒருவர் வேண்டாம் என்கிறார்.

கோட்டைமுனை டீச்சர் | இரவு 9.38
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் கதைக்கிறீர்கள். கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியை நோக்கி எழும்பும். கம்பியைத் தொடுவதற்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருக்கும்போதே பிடியிலிருந்து விடுபட்டு, மிச்சத் தூரத்தைத் தன் வேகத்திலேயே போகும். விடுபடாவிட்டால் கம்பியோடு ஒட்டிக்கொண்டு சத்தத்தை அடக்கிவிடும். அந்த விடுபடலைத்தான் விரல் தடக்கு என்று உணர்கிறது. அது எராருக்கு முன்பே உண்டு. எரார் செய்தது, கட்டை பாதி மேலே வந்ததும் திரும்ப அடிக்கக்கூடிய ஏற்பாடு. டிஜிட்டலில் மூன்று சென்சர் செய்வது அந்த வேலையை. தடக்கு வேறு, அது வேறு.
என்னிடம் இருப்பது நிமிர்ந்து நிற்கிற பழைய மரப் பியானோ. அதிலும் விடுபடல் உண்டு. ஆனால் கிராண்டில் போல விரலில் தெளிவாகத் தெரியாது. அதில் படித்த பிள்ளைகள் மெல்ல வாசிக்காமலா போனார்கள்?

புளியந்தீவு பழசு | இரவு 9.41
டீச்சரே சொல்லிவிட்டா. தடக்கு தேவையில்லை.

கல்முனை 88 | இரவு 9.42
டீச்சரே சொல்லிவிட்டா. தடக்கு என்பது உண்மையான பியானோவின் உறுப்பு.

கோட்டைமுனை டீச்சர் | இரவு 9.44
நான் இரண்டையும் சொல்லவில்லை.

காத்தான்குடி ரிப்பேர் | இரவு 10.02
கட்டைப் பெட்டி திறந்து பார்த்தவன் என்ற முறையில் ஒரு சொல். பிராண்ட் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் இரண்டு நாள் இழுக்கும்.
கட்டைக்குக் கீழே ரப்பர் பட்டை. கட்டை இறங்கும்போது ஒரு தொடுகை, பிறகு இன்னொரு தொடுகை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதைத்தான் பெட்டி அளக்கிறது. அந்த நேரத்தை வைத்து 1 முதல் 127 வரை ஓர் எண் போடும், அதன்படி சத்தம் வரும். நீங்கள் எவ்வளவு பாரமாக அழுத்தினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தடக்கு என்பது வழியில் ஒரு சின்ன மேடு. பெட்டிக்கு அதுவும் தெரியாது.
இந்தக் கரையில் பழுதாகி வருவதெல்லாம் உப்பு, மணல், எறும்பு. போன மாதம் கடற்கரை வீடொன்றில் நடுவில் இருக்கிற மிடில் சி கட்டையை எப்படித் தொட்டாலும் முழுச் சத்தம். மற்றக் கட்டையெல்லாம் ஒழுங்கு. திறந்தால் ரப்பர் பட்டைக்குள் சிற்றெறும்பு, முட்டையோடு. தொடுகையில் ஊத்தை பட்டால் நேரக் கணக்குப் பிழைக்கும், அவ்வளவுதான். வாசித்து முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். விலை கூடின கவர் வேண்டாம், பழைய சாரம் போதும்.

புளியந்தீவு பழசு | இரவு 10.06
நானா, வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பெட்டிக்கே தெரியாத ஒன்றைத் தம்பி காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

கல்முனை 88 | இரவு 10.09
பெட்டிக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வாசிப்பது பெட்டியா, விரலா?

புளியந்தீவு பழசு | இரவு 10.31
விரலுக்குத் தெரிவதைக் காட்டுகிறேன், பொறும். இப்போதுதான் ஒரு பரிசோதனை செய்துவிட்டு வருகிறேன். மரப் பியானோவில் நடுக் கட்டை இறங்க ஏறத்தாழ 50 கிராம் வேண்டும் என்பார்கள். குசினியிலிருந்து 50 கிராம் மிளகாய்த்தூள் பக்கெட் ஒன்றை எடுத்து, என் பி-45 இன் மிடில் சி முனையில் வைத்தேன். அசையவில்லை. அதன் மேல் ஒரு சின்னச் சீரகப் பக்கெட். மெல்ல, மெல்ல இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லை, அவ்வளவு மெல்ல. பிறகு இடது கைப் பக்கக் கடைசிக் கட்டைக்குப் போனேன். அதே இரண்டு பக்கெட்டுக்கும் அது அசையவில்லை, ஏனென்றால் இடப்பக்கம் பாரம், வலப்பக்கம் இலேசு என்று படிப்படியாகச் செய்திருக்கிறார்கள். மரப் பியானோவும் அப்படித்தான். விளையாட்டுச் சாமானுக்கு யார் இவ்வளவு மினக்கெடுவார்கள்?
வழியில் எந்தத் தடக்கும் இல்லாமல் வெண்ணெய் மாதிரி இறங்கியது என்பதையும் பதிவு செய்கிறேன்.

கல்முனை 88 | இரவு 10.35
தடக்கு இல்லை என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதானே?
பி.கு.: கட்டைக்குள் மிளகாய்த்தூள் போனால் ரிப்பேர் நானாவுக்கு வேலை.

காத்தான்குடி ரிப்பேர் | இரவு 10.36
எறும்பு வராது, அது நல்லது.

மகளுக்காக | இரவு 10.40
61 கட்டை...

காரைதீவான் | இரவு 10.58
சத்தத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? இரண்டிலும் ஸ்பீக்கர் 6 வாட்ஸ் இரண்டுதான், அடிப்பக்கம் பார்த்தபடி. மச்சான் ஒருவன் கட்டிலில் வைத்து வாசித்துவிட்டு, சத்தம் போர்வைக்குள் இருந்து வருகிறது என்று திட்டினான். பலகை மேசைக்கு மாற்றினதும் அதே பெட்டி வேறு பெட்டியாகிவிட்டது. ஹெட்போன் போட்டுக் கேட்டால் யமஹாவின் மேல் சுரங்கள் பளிச்சென்று இருக்கும், ரோலண்டில் சுரம் மங்கி அடங்குகிற விதம் அழகு. இது என் காது சொல்வது.

புளியந்தீவு பழசு | இரவு 11.03
காரைதீவான், பேச்சை மாற்ற வேண்டாம். தடக்கு.

கல்முனை 88 | இரவு 11.05
ஒரே நேரத்தில் எஃப்பி-10 இல் 96 சுரம் ஒலிக்கும், பி-45 இல் 64. சுரத்தைப் பிடித்து வைக்கும் பெடலை மிதித்தபடி அடுக்கிக்கொண்டு போனால் உங்களுடையதில் பழைய சுரம் அறுந்துவிடும்.

புளியந்தீவு பழசு | இரவு 11.09
எனக்கு விரல் பத்து. உமக்கு?

காரைதீவான் | இரவு 11.16
சுவாமி விபுலானந்தர் பிறந்த மண்ணில் இருந்து சொல்கிறேன். 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூலை அரங்கேற்றினாரே, அழிந்துபோன யாழையே கணக்குப் போட்டு மீட்டவர், அவர் இந்தத் திரியைப் பார்த்திருந்தால் கடலில் குதித்திருப்பார்.

புளியந்தீவு பழசு | இரவு 11.19
விபுலானந்தர் மட்டக்களப்பான். மட்டக்களப்பு மண்ணில் இருந்து நான்தான் சொல்ல வேண்டும்.

காரைதீவான் | இரவு 11.21
காரைதீவு அம்பாறை மாவட்டம், ஐயா. வரைபடம் வாங்கித் தரவா?

புளியந்தீவு பழசு | இரவு 11.24
அம்பாறை மாவட்டத்தைப் பிரித்ததே 1961 இல். சுவாமி பிறந்தது 1892. அவர் பிறந்தபோது உங்கள் ஊர் எந்த மாவட்டம்? போய்ப் படித்துவிட்டு வாரும்.

கல்முனை 88 | இரவு 11.26
தோற்றால் மாவட்டத்தை இழுப்பது அண்ணனின் வழக்கம். போன வருடம் கரோல் ஒத்திகையிலும் இதைத்தான் செய்தார்.

புளியந்தீவு பழசு | இரவு 11.33
கரோலைப் பற்றிக் கதைப்போமா? கதைப்போம். மூன்றாவது பாட்டில் எல்லாரும் ஜி மேஜரில் பாட, தம்பி ஒருவர் மட்டும் எஃப் மேஜரில் வாசித்துக்கொண்டிருந்தார். சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸைப் போட்டு வைத்தது மறந்துபோச்சாம். அன்றைக்குத் தடக்கு உதவிக்கு வரவில்லையே?

கல்முனை 88 | இரவு 11.35
அது நான் கொண்டுவந்த பியானோ இல்லை. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? டிரான்ஸ்போஸ் போட்டு விட்டவரும் அதன் சொந்தக்காரர்தான்.

கோட்டைமுனை டீச்சர் | இரவு 11.41
செங்கலடித் தம்பிக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 61 கட்டைக் கீபோட்டின் கட்டைகள் பெரும்பாலும் ஸ்பிரிங் கட்டைகள். ஆறு மாதம், ஒரு வருடம் சமாளிக்கலாம். பிறகு விரலுக்குப் பலம் வராது, இடது கைக்கு இடமும் போதாது. இயன்றால் 88 பாரக் கட்டை எடுங்கள். இந்த இரண்டில் எது கிடைத்தாலும் எட்டு வயதுக்குத் தாராளம். ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் சங்கீதப் பரீட்சையில் வீடியோ எடுத்து அனுப்பும் பிரிவுக்கு டிஜிட்டலிலும் வாசிக்கலாம். கதிரை உயரத்தைக் கவனியுங்கள், முழங்கை கட்டைக்கு நேராக வர வேண்டும். பெட்டியோடு தரும் சின்னப் பெடல் சீமெந்துத் தரையில் ஓடும், கீழே ரப்பர் பாய்த் துண்டு ஒன்று போடுங்கள்.
மரப் பியானோவை இரண்டாம் கையாக வாங்கச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நம்முடைய கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மாரியில் கம்பளித் துண்டுகள் ஈரம் குடித்து ஊதும், சுருதி சேர்க்க ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டினபோது என்னுடையது மட்டும்தான் பாடியது, அது வேறு கதை.

மகளுக்காக | இரவு 11.45
மிக்க நன்றி டீச்சர். அப்போ இந்த இரண்டில் எது?

கல்முனை 88 | இரவு 11.46
தடக்கு உள்ளது.

புளியந்தீவு பழசு | இரவு 11.46
தடக்கு இல்லாதது.

காரைதீவான் | இரவு 11.50
இருவரும் ஒரே இடத்தில் இரண்டு பெட்டியையும் வையுங்கள். கண்ணைக் கட்டிவிட்டு அண்ணனை வாசிக்கச் சொல்வோம். எது எது என்று விரலே சொல்லட்டும்.

புளியந்தீவு பழசு | இரவு 11.53
நான் தயார். என் வீட்டுக்கு எடுத்து வரட்டும். ஆனால் வழக்கமாக வாசிக்கிற வேகத்தில்தான் வாசிப்பேன், பல்லி பிடிக்க மாட்டேன்.

கல்முனை 88 | இரவு 11.55
ஏன் நான் வர வேண்டும்? கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். என்னுடையது 12.3 கிலோ, உங்களுடையது 11.5. இலேசான சாமான்தானே, நீங்களே தூக்கிக்கொண்டு கல்முனைக்கு வாருங்கள்.

புளியந்தீவு பழசு | இரவு 11.58
வருவேன். வந்து எதன் மேல் வைப்பது? என் எக்ஸ் ஸ்டாண்ட் போன வருடம் கரோலுக்கு இரவலாகப் போனது, இன்னும் திரும்பவில்லை.

கல்முனை 88 | இரவு 11.59
அது ஆடுகிற ஸ்டாண்ட்.

புளியந்தீவு பழசு | நள்ளிரவு 12.01
ஆடாமல்தான் தந்தேன்.