மழை வந்தா ட்ரிப் சுவிட்ச் விழுது, கழட்டிட்டு நேரா குடுக்கச் சொல்றாங்க, செய்யலாமா?

மஸ்கெலியா பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். எங்க வீடு மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிசன்ல பழைய லயம் (வரிசை வீடு), பத்து காம்பராவுல எங்களோடது கடைசி. அப்பா இருக்கிறப்ப பின்னுக்கு தகரம் போட்டு குசினி ஒண்ணு இறக்குனாரு, அந்த நேரம் இழுத்த வயரிங் தான் இன்னைக்கும் இருக்கு. மே மாசம் மழை புடிச்சதுல இருந்து ட்ரிப் சுவிட்ச் விழுந்துக்கிட்டே இருக்கு. விடிய பனி மூட்டமா இருந்தா நிக்கவே நிக்காது, ரெண்டு நாள் வெயில் அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது. குசினியில தான் ஏதோ கோளாறுன்னு குசினிக்குப் போற சின்ன பிரேக்கர கீழ போட்டுப் பாத்தேன், அப்பவும் விழுது. இன்னொண்ணு, முன் காம்பராவுல கரண்ட் கேத்தல போட்ட உடனே டப்புன்னு விழும், அதே கேத்தல சித்தி வீட்டுல கொண்டு போய் போட்டா ஒண்ணும் இல்ல நல்லா கொதிக்குது.

வயரிங் வேலை பாக்குற ஒருத்தர கூட்டிட்டு வந்தேன், பாத்துட்டு "ட்ரிப் சுவிட்ச் வீக் தம்பி, இதைக் கழட்டிட்டு நேரா குடுத்துருவோம், பத்து நிமிச வேலை"ன்னாரு. அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆனா அவங்க தான் விடிய நாலரைக்கு எந்திரிச்சு இருட்டுல மெழுகுவத்தி வச்சு சமைச்சுட்டு கொழுந்துக்குப் போறாங்க, தங்கச்சி வேற ஓ எல் பரீட்சைக்குப் படிக்கிறா. எங்கிட்ட ஒரு மல்டிமீட்டரும் டெஸ்டரும் இருக்கு. நேரா குடுத்தா உண்மையில என்ன ஆகும்? நானே தேடிப் பாக்க வழி இருக்கா?

தலவாக்கலையில இருந்து:
ட்ரிப் சுவிட்ச்சும் பழசாகும் தான் தம்பி, இல்லன்னு இல்ல. அதுல "T"ன்னு எழுத்து போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும், அமத்துனா விழணும். விழலன்னா அது செத்த சுவிட்ச், உடனே மாத்தணும். ஆனா உங்களோடது வெயிலுக்கு நிக்குது மழைக்கு விழுதுன்னு சொல்றீங்களே, கோளாறு சுவிட்ச்சுல இல்ல, எங்கயோ தண்ணி ஏறுது.

ஹட்டன் வயர்மேன்:
தம்பி, அம்மா சொன்னது தான் சரி. தயவு செஞ்சு நேரா குடுக்க வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் செய்ற வேலை ஒண்ணு தான், லைவ்ல போற கரண்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா விழுந்துரும். குறைஞ்சது எங்க போச்சு? சுவர் வழியா, தகரம் வழியா, இல்ல ஆள் உடம்பு வழியா மண்ணுக்குப் போச்சு. 30ன்னா சின்ன கணக்கு தான், ஒரு 60 வாட் குண்டு பல்புக்கே 260 மில்லி ஆம்பியர் ஓடுது. ஆனா நெஞ்சு வழியா அந்த 30ஐ விடக் கொஞ்சம் கூடப் போனாலே ஆள் போயிரும். சின்ன பிரேக்கர் இருக்கே போதும்னு நினைக்காதீங்க, அது வயர் சூடாகாம பாக்குறதுக்கு, மனுசனுக்கு ஷொக் அடிக்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது.

இப்ப உங்க கோளாறுக்கு வர்றேன். நீங்க சொன்ன ரெண்டு விசயத்துலயே பாதி விடை இருக்கு. குசினி பிரேக்கர் கீழ இருந்தும் விழுது, கேத்தல் போட்டா விழுது. சின்ன பிரேக்கர் லைவ்வ மட்டும் தான் வெட்டும், நியூட்ரல் வெட்டுப்படாம பார்ல (எல்லா நியூட்ரல் வயரும் சேர்ற பட்டை) அப்படியே நிக்கும். அதனால எங்கயோ நியூட்ரல் வயர் எர்த்தத் தொட்டுக்கிட்டு இருந்தா எந்த பிரேக்கர கீழ போட்டாலும் கோளாறு போகாது. கேத்தல் மாதிரி 8, 9 ஆம்பியர் இழுக்குற சாமான் போட்டா நியூட்ரல்ல கொஞ்சம் வோல்ட் ஏறும், அந்த நேரம் ஒரு பங்கு எர்த் வழியா ஓடிரும், சுவிட்ச் விழும். கேத்தல்ல பிழையே இல்ல. இது தெரியாம கேத்தல், ரைஸ் குக்கர்னு மாத்தி மாத்தி காசு செலவழிச்ச வீடுகள நான் நிறையப் பாத்திருக்கேன்.

தேடுறதுக்கு மெயின் பொக்ஸ தொறக்காதீங்க, மெயின ஓஃப் பண்ணாலும் மீட்டர்ல இருந்து வர்ற வயர்ல கரண்ட் இருக்கும். வேற வழி சொல்றேன். ஒரு பழைய 13 ஆம்பியர் ப்ளக் டொப் எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மட்டும் ரெண்டு துண்டு வயர் மாட்டுங்க, லைவ் பின்ன வெறுமனே விடுங்க. வீட்டுல இருக்குற எல்லா ப்ளக்கயும் கழட்டுங்க, பல்பு சுவிட்ச் எல்லாம் ஓஃப், மெயினும் ட்ரிப் சுவிட்ச்சும் ஓஃப். அதுக்குப் பொறகு தான் இந்த டொப்ப சொருகணும். முதல்ல மீட்டர வோல்ட்ல வச்சு ரெண்டு வயருக்கும் நடுவுல ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டு, ஓம்ஸ்ல போடுங்க. நல்ல வயரிங்னா மீட்டர் ஒண்ணும் காட்டாது. நூறு, இருநூறு ஓம் காட்டுச்சுன்னா கோளாறு அங்க தான் இருக்கு. மழை பெய்யும்போதே பாருங்க, காஞ்ச பொறகு பாத்து பிரயோசனம் இல்ல. பாத்து முடிஞ்சதும் டொப்ப கழட்டிட்டுத் தான் மெயின் ஓன் பண்ணணும், இதை மறந்துறாதீங்க.

அடுத்து வெளிய இருக்குற சாமான் ஒவ்வொண்ணா பாருங்க, கக்கூஸ் பல்பு, இஸ்தோப்பு (முன் வராந்தா) பல்பு, குசினிக்குப் போற ஜோயின்ட். நூத்துக்கு நூறு அங்க தான்னு நான் சொல்லல, ஆனா நான் மழை காலத்துல போற வீடுகள்ல முதல்ல கையை வைக்கிறது வெளி பல்புல தான்.

பண்டாரவளை அக்கா:
வயர்மேன் அண்ணன் சொன்னதோட நான் ஒண்ணு சேத்துக்கிறேன் தம்பி, ஏன்னா எங்க லயத்துல நடந்தது இது. லயம்னா ஒரே தகரக் கூரை, பத்து வீட்டுக்கும் ஒண்ணு. எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒருத்தங்க ட்ரிப் சுவிட்ச்ச கழட்டிட்டு நேரா குடுத்திருந்தாங்க, யாருக்கும் தெரியாது. அவங்க வீட்டு வயர் ஒண்ணு தகரத்துல உரசி உரசி தோல் போய் செம்பு தொட்டிருக்கு. எங்க வீட்டுல உடுப்பு காயப்போடுற கம்பி கூரை ஆணியில தான் கட்டியிருந்தோம். ஒக்டோபர் மழையில நனைஞ்ச துவாலைய எடுக்கப் போன என் மகளுக்கு கை இழுத்துருச்சு, ரப்பர் செருப்பு போட்டிருந்ததால தப்புனா. எங்க வீட்டு ட்ரிப் சுவிட்ச் அசையவே இல்ல. ஏன்னு அப்ப புரியல, பொறகு தான் விளங்குச்சு, அந்தக் கரண்ட் எங்க மீட்டர் வழியா வரலையே, எங்க சுவிட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

அதனால நீங்க கழட்டுனா உங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, வரிசையில இருக்குற அத்தனை பிள்ளைகளுக்கும் சேத்துத் தான் கழட்டுறீங்க. உடுப்புக் கம்பிய கூரையில கட்டவே கட்டாதீங்க, ரெண்டு பக்கமும் மரக் கம்பு நட்டு கட்டுங்க, இல்லன்னா நைலோன் கயிறு போதும்.

எர்த்தயும் பாருங்க. எங்க பழைய வீட்டுல எர்த் வயர பீலியில இருந்து வர்ற இரும்பு பைப்புல தான் கட்டியிருந்தாங்க. பொறகு பைப்ப பிவிசிக்கு மாத்துனப்ப எர்த் போயிருச்சு, வருசக்கணக்கா யாரும் கவனிக்கல.

மஸ்கெலியா பொடியன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை நல்ல மழை, அண்ணன் சொன்ன மாதிரியே ப்ளக் டொப் செஞ்சு பாத்தேன். வோல்ட் இல்ல. ஓம்ஸ்ல போட்டா 50க்கு கிட்ட நின்னு ஆடுது. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. பொறகு கக்கூஸ் பக்கம் இருக்குற பல்ப தொறந்தேன், இரும்பு கூடு, மேல கண்ணாடி மூடி போட்டது. தொறந்த உடனே அரைக் கோப்பை தண்ணி கொட்டுச்சு, செம்மண் கலர்ல. உள்ள கறுப்பு வயரோட (நியூட்ரல்) தோல் வெடிச்சு உரிஞ்சு, செம்பு பச்சை பூத்துப் போய் இரும்புல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அந்த இரும்புல தான் எர்த்தும் முடுக்கியிருக்கு. கறுப்பு வயர கழட்டி தூக்கிப் புடிச்சுக்கிட்டு தங்கச்சிய மீட்டர பாக்கச் சொன்னேன், "அண்ணா ஒண்ணும் காட்டல"ன்னா. அந்த பல்பு சுவிட்ச்ச ரெண்டு மாசமா போடவே இல்ல, அதான் அதை நான் சந்தேகப்படவே இல்ல.

எர்த் கம்பி இருக்கு, கூரைத் தண்ணி விழுற இடத்துல நட்டிருக்கு, கிளிப் கொஞ்சம் துரு. இப்ப வெளி பல்பு வயர கழட்டி ஒவ்வொரு நுனியயும் தனித்தனியா கனெக்டர்ல போட்டு மூடி வச்சிருக்கேன், கேத்தலும் போட்டாச்சு, நிக்குது. அம்மா இன்னைக்கு விடிய லைட் வெளிச்சத்துல ரொட்டி தட்டுனாங்க. புது பல்பு போடும்போது எதைக் கவனிக்கணும்?

ஹட்டன் வயர்மேன்:
நல்லா பாத்திருக்கீங்க தம்பி. சுவிட்ச் லைவ்வ மட்டும் தான் வெட்டுது, பல்பு ஓஃப்ல இருந்தாலும் நியூட்ரல் அங்க நின்னுக்கிட்டு தான் இருக்கும்.

புதுசு போடும்போது பிளாஸ்டிக் கூடு, ரப்பர் வளையம் உள்ள வெளி பல்பு எடுங்க. முக்கியமா வயர் கீழ பக்கமா தான் உள்ள போகணும். உங்களோடதுல மேல இருந்து நேரா இறங்கியிருக்கும்னு நினைக்கிறேன், தண்ணி வயரப் புடிச்சு வழிஞ்சு உள்ள வந்திருக்கு. வயர பல்புக்கு ஒரு சாண் கீழ இறக்கி வளைச்சு, பொறகு மேல ஏத்தி உள்ள விடுங்க, தண்ணி அந்த வளைவுல சொட்டி கீழ விழுந்துரும். பல்புக்கு 1/1.13 (1 சதுர மில்லிமீட்டர்) வயர் போதும், ப்ளக் பொயின்ட்டுக்கு 7/0.67 (2.5 சதுர மில்லிமீட்டர்). ஜோயின்ட்ட முறுக்கி டேப் மட்டும் சுத்தி விடாதீங்க, நம்ம பக்கத்து மழைக்கு டேப் ஒரு வருசம் தாங்காது, பசை விட்டு அவிழ்ந்துரும்.

எர்த் கம்பி கிளிப்ப மெயின் ஓஃப் பண்ணிட்டு கழட்டி, உப்புத் தாள் போட்டு பளபளன்னு தேச்சு திரும்ப முடுக்குங்க. குசினி வயரிங் பழசுன்னு சொன்னீங்க, அதை ஒருக்கா மெகர் (வயர் தோல் நல்லா இருக்கான்னு பாக்குற மீட்டர்) வச்சு பாக்கச் சொல்லுங்க. மல்டிமீட்டர் சின்ன பெட்டரியில ஓடுறது, ஈரம் கொஞ்சமா இருந்தா அதுக்குப் புடிபடாது. மெகர் 500 வோல்ட்ல அமத்திப் பாக்கும், 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டுனா அந்த வயர மாத்தணும். என்விகியூ (தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள ஆளா பாத்து கூப்பிடுங்க, வந்த உடனே மெகர் கொண்டு வந்தீங்களான்னு கேளுங்க. கரண்ட் போஸ்ட்ல இருந்து மீட்டர் வரைக்கும் வர்ற வயர் தகரத்துல உரசுதான்னும் கீழ நின்னு பாருங்க. உரசுனா அதுல நானும் கை வைக்க ஏலாது நீங்களும் வைக்காதீங்க, மின்சார சபைக்கு 1987க்கு கோல் எடுங்க.

மஸ்கெலியா பொடியன்:
சரிங்க அண்ணே. கீழ நின்னு பாத்துட்டேன், எங்க வீட்டு வயர் உரசல, ஆனா நாலாவது காம்பராவுக்குப் போற வயர் தகர விளிம்புல தொட்டுக்கிட்டு நிக்குது. இப்பவே போய் அவங்ககிட்ட சொல்லிட்டு கோல் எடுக்குறேன்.