புதுப்பிப்பு: 12 வினாடியில் ஓடிய எஸ்பிரெசோ சரியாகிவிட்டது

எஸ்பிரெசோ மெஷினில் (அழுத்தத்தில் கெட்டிக் கோப்பி இறக்குவது) 18 கிராம் கோப்பித் தூள் போட்டும் 12 வினாடியில் தண்ணியாக ஓடுகிறது, புளிக்கிறது, மெஷினை மாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மெஷினை மாற்றவில்லை.

பலித்தது, "முதலில் கிரைண்டரைத் திறந்து பாருங்கள்" என்ற யோசனைதான். அரைக்கும் பற்களில் கறுப்புப் பிசின் அப்பியிருந்தது. முன்பு அதில் கோப்பித்தியாம் (உள்ளூர் கோப்பிக்கடை) கொட்டை அரைத்த வினை. சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, சும்மா விடுமா? தண்ணீர் படாமல், காய்ந்த பிரஷ்ஷாலும் பல்குச்சியாலும் சுரண்டி எடுத்துவிட்டு அரைப்பு அளவை மூன்று படி நைசாக்கியதும், 36 கிராம் கோப்பி இறங்க 24 வினாடி ஆனது. ஆனாலும் ஒரு பக்கமாகப் பீய்ச்சியது. மெல்லிய ஊசியால் தூளை அடிவரை கிளறிக் கட்டிகளை உடைத்து, சாயாமல் நேராக அழுத்திய பிறகு அதுவும் நின்றது. இப்போது 28 வினாடி, புளிப்பில்லை. இன்னும் பலமாக அழுத்திப் பார்த்ததில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

எதிர்பாராதது: இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை பிடித்தால் அதே அரைப்பு அளவிலேயே ஓட்டம் மாறுகிறது. கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அந்தந்த நேரத்துக்கு 18 கிராம் மட்டும் எடைபோட்டு அரைத்தால் வித்தியாசம் இரண்டு மூன்று வினாடிதான்.