மறு: 'தயார்நிலை மானியம்' வேண்டாம், 'முன்னாயத்த நல்கை' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மொழிபெயர்ப்புகளில் 'disaster preparedness grant' என்பதற்கு 'பேரிடர் தயார்நிலை மானியம்' என்பதே போதும் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சொல்லிலுமே தயக்கம்.

மானியம் என்றால் நம் வாசகர் மனத்தில் சமையல் எரிவாயுவும் உரமும்தான் வரும். ஊர்ப் பெரியவர்களுக்குக் கோயில் மானிய நிலம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா (FEMA) மாநிலங்களுக்குத் தருவது வேறு. விண்ணப்பம் போட வேண்டும். பெரும்பாலும் முதலில் கைக்காசைச் செலவழித்து, கணக்குக் காட்டித்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். நெருக்கடி மேலாண்மைக்கென உள்ள எம்ப்ஜி (EMPG) என்ற நல்கைத் திட்டத்தில் பாதிப் பங்கை மாநிலமோ உள்ளூரோ போட்டாக வேண்டும்.

இதைப் பற்றிய செய்தி ஒன்றை மொழிபெயர்த்து, 'மானியம் குறையுமா?' என்று தலைப்பு வைத்தேன். படித்த அக்கா, "எதோட விலை ஏறும்?" என்று கேட்டார். விலை இல்லை அக்கா, ஒரு சின்னக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் திட்டம் போடும் ஒரே அலுவலரின் பாதிச் சம்பளம் இந்தப் பணம் என்று விளக்க வேண்டியதாயிற்று. அங்கேயே சொல் தோற்றுவிட்டது.

'நல்கை' ஏற்கெனவே ஆய்வு நல்கையாகப் புழங்குகிறது. நல்குவது அன்பால் கொடுப்பதாயிற்றே, இங்கே நிபந்தனை உண்டே என்று கேட்கலாம். ஆய்வு நல்கைக்கும் கெடுவும் கணக்கும் உண்டு. யாருக்கும் அது உறுத்தவில்லை.

அடுத்தது தயார்நிலை. புயல் நெருங்கும்போது 'மீட்புப் படை தயார்நிலையில்' என்று எழுதுகிறோம். அது இரண்டு நாள் விஷயம். இந்தப் பணம் போவது பயிற்சி, ஒத்திகை, வயர்லெஸ் கருவி என்று ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலைக்கு. 2025 நிதியாண்டுக்கான அறிவிப்பில் இதைச் செலவழிக்கும் காலத்தை 3 ஆண்டிலிருந்து ஓராண்டாகச் சுருக்கினார்கள். மாநிலங்கள் நீதிமன்றம் போயின. டெண்டர் விட்டுக் கருவி வாங்கி ஆட்களைப் பழக்க ஓராண்டு எப்படிப் போதும்? தயார்நிலை என்று எழுதினால் இந்த வலி வாசகருக்கு எட்டாது. இலங்கைத் தமிழில் 'அனர்த்த முன்னாயத்தம்' என்கிறார்கள். ஆயத்தம் என்றாலே முன்கூட்டித்தானே என்பது சரிதான்; ஆனாலும் அந்த 'முன்' வேலையின் நீளத்தைக் காட்டுகிறது. எடுத்துக்கொள்வோம்.

ஃபெமா 2025 ஏப்ரலில் முடித்துக்கொள்வதாக அறிவித்த பிரிக் திட்டத்தை இதில் சேர்க்காதீர்கள். வெள்ளம் வந்தாலும் சேதம் குறையும்படி வடிகாலையும் கட்டடங்களையும் பலப்படுத்தும் பணம் அது. அதற்குத் 'தணிப்பு நல்கை'.

ஃபெமா இயங்கும் Department of Homeland Security-க்கு 'உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை' என்பது நாளிதழ்களில் பழகிவிட்டது, இருக்கட்டும். 'தாயகம்' என்று மாற்றினால் ஈழ வாசகருக்கு வேறு பொருள் வந்து நிற்கும்.

அப்புறம், செலவழித்த பணத்தைத் திரும்பத் தருவதற்கு 'செலவு மீட்பு' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். பேரிடர்ச் செய்தியில் மீட்பு என்றால் ஆட்களை மீட்பதுதான். 'மீளளிப்பு' சரிவருமா? கணக்குத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.